இரண்டு 1518 கைக்கடிகாரங்களை அருகில் பார்த்த அனுபவம்

சுவிஸ் கடிகார நிறுவனமான படேக் பிலிப்பின் 1518 வகைக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வருவதே அரிது. வந்தாலும் நம்மில் பெரும்பாலோர் அதை ஏலப் பட்டியலில் உள்ள படமாகத்தான் பார்க்கிறோம். வெவ்வேறு சமயங்களில் ஏலத்துக்கு வந்த இரு கடிகாரங்களை, ஏலத்துக்கு முந்தைய பார்வையிடலின்போது கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டும் மஞ்சள் தங்கத்தில் செய்தவை. இரண்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஆயினும் முதலாவதை விட்டுவிடலாம் என்றும், இரண்டாவதற்கு எந்த விலையும் தகும் என்றும் எனக்குத் தோன்றியதற்கு டயல், அதாவது கடிகாரத்தின் முகப்புத் தகடு, ஒன்றே காரணம்.

மாதங்களின் நீளத்தைத் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டியும், கழிந்த நேரத்தை அளக்கும் கிரோனோகிராஃபும் ஒன்றாக அமைந்து, தொடர் தயாரிப்பாக வெளிவந்த முதல் கைக்கடிகாரம் இதுதான். 1941இல் அறிமுகமாகி 1954 வரை மொத்தம் 281 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் தங்கம், சில ரோஸ் கோல்டு. எஃகில் செய்தவையாக நான்கு மட்டுமே இதுவரை அறியப்பட்டுள்ளன. அந்த நான்கில் ஒன்றுதான் 2016 நவம்பரில் ஜெனீவாவில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குச் சற்று மேலான விலைக்குப் போனது. இவ்வளவு பெயர் பெற்ற பொருளாக இருந்தும் அதன் அகலம் 35 மில்லிமீட்டர்தான். இன்றைய பெரிய கடிகாரங்களைக் கட்டிப் பழகிய கைக்கு அது முதலில் சிறிதாகத் தெரியும். ஆனால் கிழமையும் மாதமும் மேலே இரு சிறு சன்னல்களிலும், தேதியும் நிலவின் நிலையும் கீழே ஒரே வட்டத்திலும், வினாடியும் நிமிடமும் இடமும் வலமுமாக அமைந்திருக்கும் ஒழுங்கைக் கண்ட பிறகு, இதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

முதல் கடிகாரத்தை ஏல நிறுவனத்தின் வல்லுநர் ஒருவர் முன்னிலையில் பார்த்தேன். மேல் பொத்தானை அழுத்தியதும் நீண்ட வினாடி முள் தயக்கமின்றிக் கிளம்பியது. மீண்டும் அழுத்தியதும் நின்றது. கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் சரியாக உச்சிக்குத் திரும்பியது. நாட்காட்டியை நானே மாற்றிப் பார்க்க அவர் அனுமதிக்கவில்லை, அது நியாயமானதே. நள்ளிரவையொட்டிய மணிநேரங்களில் நாட்காட்டியின் நெம்புகோல்கள் ஏற்கெனவே சக்கரத்தைப் பற்றத் தொடங்கியிருக்கும். அந்நேரத்தில் கேஸின், அதாவது கடிகாரத்தின் உலோகக் கூட்டின், பக்கவாட்டிலுள்ள திருத்தும் பொத்தானை அழுத்தினால் பற்கள் சேதமடையக்கூடும். மாதங்களின் நீளம் ஒரு சக்கரத்தின் விளிம்பில் பள்ளங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. நெம்புகோலின் அலகு எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அதற்கேற்ப மாதம் குறுகுகிறது. லீப் ஆண்டுகளும் இதற்குள் அடங்கிவிடும். ஆயினும் 2100 லீப் ஆண்டு அல்ல என்பதை இந்த இயந்திரம் அறியாது; அந்தப் பிப்ரவரியின் முடிவில் ஒருவர் கையால்தான் திருத்த வேண்டும். மேலும், 1518இன் டயலில் லீப் ஆண்டைக் காட்டும் அடையாளம் எதுவும் கிடையாது. ஆகவே ஓடாமல் நின்றுபோன ஒன்றை வாங்குபவர், அது நான்காண்டுச் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதை டயலைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

பிறகு லென்ஸைக் கண்ணில் வைத்து டயலைப் பார்த்தேன். இந்தக் கடிகாரங்களில் நிறுவனத்தின் பெயரும் விளிம்பின் அளவுக்கோடுகளும் மையால் அச்சிடப்பட்டவை அல்ல. உலோகத்தில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு எனாமலை, அதாவது சூட்டில் உருகி இறுகும் கண்ணாடிப் பூச்சை, சற்று மேலெழும்படி நிரப்பி, சூளையில் சுட்டு எடுத்தவை. கல்லில் வெட்டிய எழுத்துக்கும் சுண்ணாம்பால் எழுதிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடு அது. அவ்வளவு உறுதியான எழுத்தும், டயலைப் பளபளப்பாக்க விரும்பிய யாரோ ஒருவர் தேய்த்தால் தேய்ந்துபோகும். முதலில் மறைவது மெல்லிய பகுதிகள்: ‘படேக்’ என்பதை அடுத்து வரும் காற்புள்ளி, ஜெனீவாவைக் குறிக்கும் ‘ஜெனீவ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மேலுள்ள சாய்கோடு, அளவுக்கோடுகளின் நுனிகள். நான் பார்த்த முதல் கடிகாரத்தில் காற்புள்ளி பாதி கரைந்திருந்தது, சாய்கோடு முழுவதுமாக இல்லை. அளவுக்கோடுகள் சிலவற்றில் எனாமல் இருந்த இடத்தில் வண்ணப்பூச்சு தட்டையாகக் கிடந்தது. படத்தில் இவை எதுவும் தெரியவில்லை. படத்தில் அது மிகத் தூய்மையான டயலாகவே காட்சியளித்தது.

இரண்டாவது கடிகாரம் பார்வைக்கு ஏழையாகவே இருந்தது. வெள்ளி நிறம் மங்கி இளமஞ்சளாகியிருந்தது, நான்கு மணிக்கருகே ஒரு கறை இருந்தது. ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வோர் எழுத்தும் டயலின் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிதளவு எழும்பி நின்று தன் நிழலைப் போட்டது. காற்புள்ளியும் சாய்கோடும் கூர்மை குறையாமல் இருந்தன. வார் பொருந்தும் கொம்புகளின் விளிம்புகள் விரலில் தட்டுப்பட்டன. பொன்னின் தர முத்திரையும் ஆழமாகத் தெரிந்தது. அதாவது, இந்தக் கேஸ் பாலிஷ் சக்கரத்தை அதிகம் கண்டதில்லை.

இரண்டுக்குமே படேக் பிலிப் நிறுவனத்தின் காப்பகச் சான்று இருந்தது. அந்தத் தாளை மட்டும் நம்பி விலை கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. தயாரித்த ஆண்டு, விற்ற தேதி, இயந்திர எண், கேஸ் எண் ஆகியவற்றை அது சொல்லும். இன்று அந்த டயல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இரண்டாவது கடிகாரம் மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டி, என் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டது. அதை வாங்கியவர் யார் என்று தெரியாது. இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டிய காலம் அதற்கு வரும், அது அவசியமும்கூட. அப்போது டயலைத் தொடக்கூடாது, கேஸைத் தேய்க்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டே அவர் அதை ஒப்படைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.