டயமண்ட் டி 969 மீட்பு லாரி, 1/24 அளவு: முன் வலச் சக்கரம் தரையைத் தொடவில்லை, சேசிஸ் முறுக்கிக்கொண்டதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க ராணுவ மீட்பு லாரியான டயமண்ட் டி 969-ஐ, எந்தத் தயார் கிட்டின் துணையும் இல்லாமல், பிளாஸ்டிக் தகட்டையும் பித்தளையையும் வெட்டி 1/24 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். நான்கு மாத உழைப்புக்குப் பிறகு இப்போது ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், நீளச் சட்டங்கள் இரண்டையும் ஒரே முறையில்தான் செய்தேன். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடுகள் இரண்டைத் தண்ணீர்போல் ஓடும் கரைப்பான் பசையால் முழுப் பரப்பும் ஒட்டி, அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 0.5 மி.மீ. பட்டைகளை ஒரே பக்கம் நீட்டியவாறு வைத்து, படுக்கப்போட்ட ‘ப’ வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அன்று மாலையே ஐந்து குறுக்குச் சட்டங்களையும் ஒட்டிவிட்டேன். அப்போது மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. ஒன்பது நாள் கழித்து அச்சுகளையும் சக்கரங்களையும் பொருத்தி மேசையில் வைத்தபோது, முன் வலச் சக்கரம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. உயரத்தில் நின்றது. அதை விரலால் அழுத்தினால் பின் இடப்பக்கம் தூக்கிக்கொள்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழுதான வண்டிகளைத் தூக்கி இழுக்கும் ஹோம்ஸ் டபிள்யூ-45 இரட்டைப் பூம் (பாரம் தூக்கும் நீண்ட கை) கருவி அமரும் பின்தளத்தை உரிய இடத்தில் வைத்துப் பார்த்தால், கேபினுக்கும் தளத்துக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. நான் பார்த்த எந்தப் புகைப்படத்திலும் அவ்வளவு இடைவெளி இல்லை. என் மாடலில் முன் அச்சிலிருந்து நடு அச்சு வரை 160 மி.மீ., நடு அச்சிலிருந்து கடைசி அச்சு வரை 55 மி.மீ., டயரின் வெளிவிட்டம் 42 மி.மீ. இருக்கிறது.

பித்தளையில் செய்த பூம்களும் ஏ வடிவத் தாங்குசட்டமும் சேர்ந்து 84 கிராம் எடை இருப்பதால், அந்தப் பாரம்தான் சட்டத்தை முறுக்கியதோ என்று சந்தேகப்படுகிறேன். அப்படியானால் வெந்நீரில் வைத்து நிமிர்த்த முடியுமா?

மறுமொழி 1

நிமிர்த்துவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், கோளாறு சட்டத்தில் இருக்கிறதா அச்சில் இருக்கிறதா என்று பிரித்தறிந்துகொள்வது அவசியம். ஒரு சக்கரம் மேலே நிற்பதற்கு இரண்டுமே காரணமாக இருக்கலாம். பூம்களையும் அச்சுகளையும் கழற்றிவிட்டு, வெறும் சட்டத்தைத் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் வையுங்கள். சாதாரண அச்சுத்தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதால், தூக்கி நிற்கும் மூலையின் கீழே எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணினாலே இடைவெளியின் அளவு கிடைத்துவிடும். பிறகு சட்டத்தைக் கவிழ்த்து வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். சட்டமே முறுக்கியிருந்தால், கவிழ்க்கும்போது மற்ற இரண்டு எதிர்மூலைகள் தூக்கிக்கொள்ளும். இரு முறையும் சட்டம் ஆடாமல் அமர்ந்தால் குற்றம் அச்சில்தான்.

கேட்டவர்

சொன்னபடியே செய்து பார்த்தேன். நேராக வைத்தபோது முன் வலது மூலையின் கீழே 12 தாள்கள் நுழைந்தன. கவிழ்த்தபோது முன் இடதும் பின் வலதும் தூக்கிக்கொண்டன. அங்கே 11 தாள்கள். அச்சுகள் குற்றமற்றவை என்று தெரிந்துவிட்டது. பூம்களைக் கழற்றிய பிறகும் முறுக்கு அப்படியே இருக்கிறது.

மறுமொழி 2

வெந்நீர் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. சட்டத்தைத் தட்டையான உலோகப் பலகையில் கவ்விகளால் இறுக்கிக் கட்டி, கை பொறுக்காத அளவுக்குச் சூடான, ஆனால் கொதிக்காத நீரில் சில நிமிடங்கள் வைத்து, கட்டை அவிழ்க்காமலே குளிர்ந்த நீருக்கு மாற்றினேன். ஒரு படகு மாடலின் மேல்தளம் அதில் நிமிர்ந்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஒரு முறை முயன்று பார்ப்பதில் நட்டம் இல்லை.

மறுமொழி 3

மேலே சொன்ன வழி ஒற்றைத் தகட்டுக்குப் பொருந்தும். இங்கே நிலைமை வேறு என்பதால் நான் மாறுபடுகிறேன்.

கரைப்பான் பசை என்பது ஒட்டும் பொருள் அல்ல. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து, கரைந்த இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து இறுகச் செய்கிறது. கலந்த பின் அந்தக் கரைப்பான் முழுவதும் ஆவியாகி வெளியேறியாக வேண்டும். பட்டையின் விளிம்பில் தொட்டுவைத்த பசை சில மணி நேரத்தில் போய்விடும். இரண்டு அகலத் தகடுகளுக்கு நடுவே முழுப் பரப்பிலும் தடவிய பசைக்கு வெளியேற வழி எங்கே இருக்கிறது? ஓரங்களின் வழியாகத்தான் கசிந்து கசிந்து போக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உள்ளே பிளாஸ்டிக் மென்மையாக இருக்கும். கரைப்பான் போகப்போகச் சுருங்கும். உங்கள் சட்டத்தில் விளிம்புப் பட்டைகள் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் சுருக்கமும் ஒரு பக்கமாகவே இழுக்கிறது. இரண்டு சட்டங்களும் ஒரே அளவு வளைந்தாலாவது தப்பித்திருக்கலாம். ஒன்றில் பசை சற்று அதிகமாக விழுந்திருந்தாலும் போதும், இரண்டும் வேறு வேறு அளவில் வளையும். அந்த வேறுபாடு குறுக்குச் சட்டங்களில் மாட்டிக்கொண்டு முறுக்காக வெளிப்படும். அன்று மாலையே குறுக்குச் சட்டங்களை ஒட்டியது அதைப் பூட்டிவைத்ததுபோல் ஆயிற்று.

நகக்கண்ணால் சட்டத்தின் நடுப்பகுதியை அழுத்திப் பாருங்கள். ஓரத்தைவிட நடுவில் சற்றே அமுங்கினால், கரைப்பான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வெந்நீரில் நிமிர்த்தினால் அன்றைக்கு நேராகும். மிச்சக் கரைப்பான் போகும்போது மறுபடி வளையும்.

கேட்டவர்

நடுவில் அமுங்குகிறது. ஒரு சட்டத்தில் நகத்தின் தடம் பதிந்தே விட்டது. ஆனாலும் நான்கு மாத வேலையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு மாதம் காயவிட்டு, அதன் பிறகு நிமிர்த்தினால் ஆகாதா?

மறுமொழி 4

காத்திருக்கலாம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், நீங்கள் கொடுத்த அளவுகளைப் பார்த்திராவிட்டால். உங்கள் இரண்டாவது குழப்பத்துக்கான விடை அந்த அளவுகளிலேயே இருக்கிறது.

டயமண்ட் டி 969-இன் சக்கர அடித்தளம் 151 அங்குலம், அதாவது 3835 மி.மீ.; 1/24-இல் அது 159.8 மி.மீ. ஆகிறது. நீங்கள் அந்த 160 மி.மீ.யை முன் அச்சிலிருந்து நடு அச்சுக்கு அளந்துவிட்டீர்கள். பின்னால் இரட்டை அச்சுள்ள இத்தகைய லாரிகளில் சக்கர அடித்தளம் என்பது, முன் அச்சிலிருந்து இரண்டு பின் அச்சுகளுக்கும் நடுவே உள்ள மையப்புள்ளி வரையிலான தூரம். உங்கள் பின் அச்சுகளின் இடைவெளி 55 மி.மீ. என்றால் அதில் பாதி 27.5. ஆகவே முன் அச்சிலிருந்து நடு அச்சு வரை 132.3 மி.மீ. மட்டுமே வர வேண்டும். உங்கள் சேசிஸ் 27.7 மி.மீ. நீண்டுவிட்டது. கேபினுக்கும் தளத்துக்கும் நடுவே விழும் கட்டைவிரல் இடைவெளி அதுதான்.

வருத்தமான செய்திதான். ஆனால் முறுக்கிய சட்டத்தை ஒரு மாதம் காத்து நிமிர்த்தினாலும், பிறகு அதை நடுவில் வெட்டிச் சுருக்கத்தான் வேண்டியிருக்கும். இரண்டு நீளச் சட்டங்களை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். அச்சுகள், சக்கரங்கள், கேபின், பூம்கள் எல்லாம் உங்களிடம் அப்படியே இருக்கின்றன.

மறுமொழி 3

அளவுகளை நான் கவனிக்கவில்லை, மேலே எழுதியவருக்கு நன்றி. புதிதாகச் செய்வதானால் சில விஷயங்களை இப்போதே கருத்தில் கொள்ளுங்கள்.

தகட்டை அடுக்கி ஒட்ட வேண்டாம், 1.5 மி.மீ. ஒற்றைத் தகடு போதும். எங்காவது அடுக்கியே தீர வேண்டும் என்றால், உள்தகட்டில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக 1.5 மி.மீ. துளையிட்டுக் கரைப்பானுக்கு வழிவிடுங்கள். விளிம்புப் பட்டைகளுக்குப் பசையைத் தூரிகை நுனியால் மூட்டில் தொட்டால் போதும், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஒட்டினால் இழுப்பு சமப்படும். சட்டங்களைப் பாரம் வைத்து ஒரு வாரம் காயவிட்ட பிறகு, மேல் விளிம்பு கண்ணாடியில் படுமாறு கவிழ்த்து, மூலைமட்டம் வைத்துக் குறுக்குச் சட்டங்களைச் சேருங்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பின் அச்சுகளின் தாங்கல். அசல் வண்டியில் கமான் பட்டைகள் கவிழ்த்துப் போடப்பட்டு, நடுவில் ஒரு தண்டின்மேல் சாய்ந்தாடும்; பட்டையின் இரு முனைகளும் இரண்டு அச்சுகளின் ஹவுசிங்கில் (வெளியுறையில்) அமரும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது ஏறி, பாரம் இரண்டுக்கும் பகிரப்படும். அதை மாடலிலும் உயிரோட்டமாகச் செய்துவிடுங்கள். இரண்டு நீளச் சட்டங்களையும் ஒன்றாகக் கவ்வி வைத்து ஒரே தடவையில் 2 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் குழாயை ஊடே செலுத்தி, பட்டைகளை அதில் தளர்வாக மாட்டுங்கள். அரை மி.மீ. பிசகு எங்காவது மிஞ்சினாலும் சக்கரங்கள் தாமாகவே தரையில் படியும். அசல் வண்டியைச் செய்தவர்கள் கரடுமுரடான நிலத்துக்காகக் கண்ட தீர்வு, நம் மேசைக்கும் பொருந்துகிறது.

பூம்களின் 84 கிராம் முறுக்குக்குக் காரணமில்லை. ஆனால் அந்த எடை பின் அச்சுகளின்மேல் விழுவதால் முன்பக்கம் இலேசாகி, முன் சக்கரத்தின் சிறு குறைகூடப் பெரிதாகத் தெரியும். 106 குதிரைத்திறன் கொண்ட ஹெர்குலிஸ் ஆர்எக்ஸ்சி எஞ்சின் அமர வேண்டிய இடத்தில், பானெட்டுக்குள் ஓர் ஈயத்துண்டை வைத்துவிடுங்கள். எஞ்சினைத் திறந்து காட்டப்போகிறீர்கள் என்றால் ஈயத்தை முன் வின்ச்சுக்குப் (வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) பின்னால் மறைக்கலாம்.

மறுமொழி 1

பூம்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோம்ஸ் கருவியின் சிறப்பே இரண்டு பூம்களும் தனித்தனியாகப் பக்கவாட்டில் திரும்பும் என்பதுதான். தலா 5 டன், சேர்ந்தால் 10 டன். ஒரு பூம் பக்கவாட்டில் பாரத்தை இழுக்கும்போது, மறுபக்கத்துப் பூமின் வடத்தை எதிர்த்திசையில் ஒரு மரத்தில் கட்டிவைத்து வண்டி சாயாமல் காப்பார்கள். பக்கத்து முட்டுக்கால்களும் ஊன்றப்பட்டிருக்கும். ஆகவே ஒற்றைப் பூமை மட்டும் திருப்பிவைத்து, மற்றதைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 1.5 மி.மீ. ஒற்றைத் தகட்டில் புதிய சட்டங்களைச் செய்து, எட்டு நாள் பாரம் வைத்துக் காயவிட்டு, கண்ணாடியில் கவிழ்த்து இணைத்தேன். அதன் பிறகு பதினைந்து நாள் தொடாமல் வைத்திருந்து நேற்று சோதித்தேன். நான்கு மூலைகளிலும் ஒரு தாள்கூட நுழையவில்லை. நடு அச்சு இப்போது 132.3 மி.மீ.யில் நிற்கிறது, பின்தளம் கேபினுக்குப் பின்னால் புகைப்படத்தில் உள்ளபடியே வந்து அமர்ந்தது.

கமான் பட்டைகளையும் தண்டில் ஆடவிட்டேன். பின் அச்சின் இடச்சக்கரத்தின் கீழே ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தேன். அந்தச் சக்கரம் ஏறியது, பட்டை சாய்ந்தது, மற்றவை தரையைவிட்டு எழவில்லை. முன் வலச் சக்கரத்தின் கீழே தாளை நுழைக்க முயன்றேன், போகவில்லை.