ஆர்கெஸ்ட்ரா வேண்டுமா? கார்ன்வால்காரர்களைக் கேளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் தங்கவயல்காரர்களின் டிசம்பர் சந்திப்புக்கு ஆர்கெஸ்ட்ரா அமர்த்தலாமா என்று செயலாளர் அண்ணன் கேட்டிருந்தார். என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான். காரணம் சொல்லக் கொஞ்சம் கார்ன்வால் வரைக்கும் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோலார் தங்கவயலில் தாத்தாக்கள் குழிக்குள் இறங்கிய காலத்தில் மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரர்களில் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்த கார்ன்வால்காரர்கள். 1860களில் செம்பு விலை விழுந்ததும் ஆஸ்திரேலியாவின் மூன்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்கா என்று சுரங்கம் இருந்த இடமெல்லாம் போனார்கள். சொந்த மொழி அதற்கு வெகு முன்பே, 18ஆம் நூற்றாண்டு முடியும்போதே, கிட்டத்தட்ட பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. (இப்போது மறுபடி கற்கிறார்கள். க்வென்னோ என்ற பாடகி 2018இல் ஓர் ஆல்பத்தையே அந்த மொழியில் போட்டார்.) மொழி விட்டுப்போன இடத்தில் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

பாட்டு என்றால் மேடைப் பாட்டு இல்லை. 1743இல் மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லி அங்கே பிரசங்கம் செய்ய வந்தார், அப்புறம் ஊருக்கு ஊர் மெத்தடிஸ்ட் சபை, அங்கே சுரங்கத் தொழிலாளியும் மீனவரும் குரல் பிரித்துச் சேர்ந்து பாடக் கற்றார்கள், கற்றதை மதுக்கடையிலும் பாடினார்கள், சபைப் பெரியவர்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரக்பி மைதானத்தில் தேசிய கீதம் மாதிரிப் பாடுகிற 'ட்ரெலானி' பாட்டைப் பலர் ஏதோ புராதனம் என்று நினைத்தார்கள், சார்லஸ் டிக்கன்ஸ் உட்பட. ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர் என்ற கவிஞர் 1824இல் எழுதியது அது, பல்லவி மட்டும்தான் பழசு. ஊரே சேர்ந்து 200 வருஷம் பாடிவிட்டால் அது ஊர்ப்பாட்டு, அவ்வளவுதான். பேட்ஸ்டோ என்ற ஊரில் மே 1, ஹெல்ஸ்டன் என்ற ஊரில் மே 8 என்று நடக்கிற தெருத் திருவிழாக்களிலும் ஊரே சேர்ந்துதான் கொண்டாடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் தாமஸ் மெரிட் என்ற கார்ன்வால் இசையமைப்பாளர். 1863இல் அங்கே இல்லோகன் என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே சுரங்க வேலை, உடம்பு கெட்டதும் இசைப் பக்கம் போனார். அவர் எழுதிய கிறிஸ்துமஸ் கேரல்கள் புலம்பெயர்ந்தவர்களோடு கிராஸ் வேலிக்கும் மூன்டாவுக்கும் போயின. ரெக்கார்டு இல்லை, ரேடியோ இல்லை, வாயும் நோட்டுத்தாளும் மட்டும்.

அங்கே கடைசியாக மிஞ்சிய சவுத் க்ராஃப்டி வெள்ளீயச் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. நம்முடையது 2001இல். அவர்கள் இன்னமும் கூடினால் பாடுகிறார்கள். நாம் கூடினால் ஸ்பீக்கர் பாடுகிறது, நாம் தட்டோடு வரிசையில் நிற்கிறோம்.

அதனால் ஆர்கெஸ்ட்ரா பணத்தைச் சாப்பாட்டில் போடுங்கள். கேரல் ரவுண்ட்ஸில் பாடியது, பாட்டி தாலாட்டியது, கல்யாண வீட்டில் கேலியாகப் பாடியது என்று எது நினைவிருந்தாலும் போனில் பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. நம் தங்கவயல் மாரிகுப்பம் அக்காமார் யாராவது முதலில் ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும். வரிகளைத் தட்டச்சு செய்து தாளாக அச்சடிப்பது என் பொறுப்பு.