புதுப்பிப்பு: சிலிண்டர் கொண்டுவந்தவர் மீது பாய்ந்த எங்கள் ராஜபாளையம் நாய்

தண்டையார்பேட்டையில் எங்கள் நாய், சிலிண்டர் கொண்டுவந்தவரின் சட்டையைக் கிழித்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். “வீட்டைக் காக்கிறான், பெருமைப்படுங்கள்” என்று பாதிப் பேர். “யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்” என்று மீதிப் பேர். இரண்டையும் செய்யவில்லை.

கால்நடை மருத்துவர் முதலில் பார்த்தது காதையும் மூட்டுகளையும். வலி இருந்தாலும் நாய் சீறுமாம். அப்படி ஒன்றும் இல்லை. பிறகு எங்கள் வீடியோவைப் பார்த்தார்: வால் கால்களுக்கிடையே, காதுகள் பின்னால் ஒட்டி, விழியோரம் வெள்ளை தெரிய, உடல் பாரம் முழுக்கப் பின்னங்காலில். காவல் நாய் குரைத்துச் சேதி சொல்லும்; வீட்டார் வந்தவரை வரவேற்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இவனோ, சிலிண்டர் கொண்டுவந்தவர் முதுகைக் காட்டிய பிறகு பாய்ந்தான். “வீரம் இல்லை, பயம்” என்றார் மருத்துவர். எங்கள் சந்தும் ஒற்றை ஆள் அகலம். பயந்த நாய் ஒதுங்க இடம் ஏது?

இப்போது ஆள் வந்தால் அவன் உள்ளறையில். தெருவில் வாய்மூடியும் கயிறும். உறுமினால் அடிப்பதில்லை, அடித்தால் உறுமல் போய்விடும், கடி மிஞ்சும்.

பல் கீறினாலே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

மாமா மட்டும் இன்னும் “சிங்கம்” என்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.