உங்க நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு முதல்ல எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?

புரூனோ வீடு

வாயில்லா ஜீவன். இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணுமா, காலைல பார்த்துக்கலாமான்னு நாமதான் முடிவெடுக்கணும். அதனால அவங்கவங்க நேர்ல பார்த்ததை இங்க எழுதினா மத்தவங்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

புரூனோ ஜெர்மன் ஷெப்பர்டு. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்ச கொஞ்ச நேரத்துல படுக்க மாட்டேன்னுட்டான். படுப்பான், உடனே எழுந்திருப்பான், சுவத்துப் பக்கம் போய் நிப்பான். திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பார்த்தான். அப்புறம் ஓங்கரிக்க ஆரம்பிச்சான். கழுத்தை நீட்டி, விலா எல்லாம் ஒடுங்கி முக்குறான். வெளிய வந்தது வெள்ளை நுரை மட்டும்தான். வீட்டுக்காரி விலாவுக்குப் பின்னால தட்டிப் பார்த்தா, மத்தளம் மாதிரி சத்தம். "இது அஜீரணம் இல்லைங்க, வண்டியை எடுங்க"ன்னா.

எக்ஸ்ரேல இரைப்பை காத்தால உப்பி, அப்படியே முறுக்கிக்கிட்டு இருந்துது. வர்ற வழியும் அடைச்சிடும், போற வழியும் அடைச்சிடும், ரத்த ஓட்டமும் நின்னுடும். அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். முறுக்கை எடுத்துவிட்டு, மறுபடி சுத்தாம இருக்க இரைப்பையை வயித்துச் சுவரோட சேர்த்துத் தைச்சாங்க. டாக்டர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் காதுல இருக்கு: "வாந்தி எடுக்கிற நாய் வேற, வாந்திக்கு முக்கி முக்கி ஒண்ணுமே வராத நாய் வேற. ரெண்டாவதுக்கு விடியுற வரைக்கும் டைம் கிடையாது." கிரேட் டேன், டாபர்மேன், ஷெப்பர்டுன்னு நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய் வச்சிருக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

லூசி அம்மா

எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது தண்ணிக் கிண்ணம். லூசிக்கு 8 வயசு, கருத்தடை பண்ணல. ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு சில வாரம் ஆகியிருக்கும். கிண்ணத்துல ஊத்த ஊத்த காலியாகுது. ராத்திரி எழுப்பி மூச்சா போகணும்கிறா. வெயில்னால இருக்கும்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா சாப்பாட்டை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா. அவ வாழ்க்கையிலேயே அப்படிச் செஞ்சதில்ல.

ஸ்கேன்ல கர்ப்பப்பை முழுக்க சீழ். பையோமெட்ரான்னாங்க. பின்பக்கம் சீழ் வடிஞ்சா யாருக்கும் தெரிஞ்சுடும். இவளுக்குக் கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டதால ஒரு சொட்டுகூட வெளிய வரல. அந்த வகைதான் ஆபத்து அதிகமாம், உள்ளயே வெடிக்கலாம். கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் பிழைச்சா.

பெண் நாய், கருத்தடை பண்ணாதது, ஹீட் வந்து ரெண்டு மாசத்துக்குள்ள சோர்ந்துபோய் தண்ணி நிறைய குடிச்சா வேற எதையும் யோசிக்காம கூட்டிட்டுப் போங்க. சந்தேகமா இருந்தா ஒரு நாள் தண்ணியை அளந்து ஊத்துங்க. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல போச்சுன்னா அது வெயில் தாகம் இல்ல. சர்க்கரை, சிறுநீரகம், ஹார்மோன்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம், ஆனா ரத்தம் எடுத்துப் பார்க்கணும்.

ஜிம்மியும் நானும்

உண்ணிக் காய்ச்சல் பத்தி யாரும் எழுதலையே? ஜிம்மிக்கு வந்தது எர்லிக்கியா, உண்ணி கடிச்சுப் பரவுற ஒரு கிருமி. முதல்ல ஒரு சோர்வு, அவ்வளவுதான். கேட் சத்தம் கேட்டா முன்னெல்லாம் பாஞ்சு போவான். அன்னிக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துட்டுப் படுத்துக்கிட்டான். மறுநாள் தும்மினப்போ மூக்குல ரத்தம். தரையில பூவாளியில தெளிச்ச மாதிரி.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். நல்லா இருக்கிறப்போ அவனுக்கு ரோஸ் நிறம், அது எனக்குத் தெரியும். அன்னிக்கு வெளுத்துப் போயிருந்துது. விரலால அழுத்தி விட்டா வெள்ளையாகி ரெண்டு விநாடிக்குள்ள நிறம் திரும்பணும். திரும்பல, இழுத்துக்கிட்டே இருந்துது. அடிவயித்துல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் வேற. ரத்தப் பரிசோதனையில பிளேட்லெட் ரொம்பக் கம்மி. டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் நாலு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தாங்க. மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் நாளே பழையபடி குதிக்க ஆரம்பிச்சிடும். அப்பத்தான் நிறைய பேர் நிறுத்திடுறாங்க. நிறுத்தக் கூடாது.

மூக்கு ஈரமா ஜில்லுனு இருந்தா காய்ச்சல் இல்லைன்னு ஒரு நம்பிக்கை ஓடிட்டு இருக்கு. ஜிம்மிக்கு 104 டிகிரி இருந்தப்பவும் மூக்கு ஜில்லுனுதான் இருந்துது. தெர்மாமீட்டர் நுனியில வாஸ்லின் தடவி ஆசனவாயில வச்சுப் பார்க்கிறதுதான் நம்பகமான வழி. 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் நாய்க்கு சாதாரணம், நம்ம 98.6 கணக்கை அதுக்குப் போடாதீங்க.

உண்ணியைக் காதுமடிப்புக்குள்ள, கால்விரல் இடுக்குல, கழுத்துப்பட்டைக்கு அடியில தேடுங்க. நாய் மேல மட்டும் இல்ல, சுவர் வெடிப்புலயும் குடித்தனம் நடத்தும். நாயைச் சுத்தம் பண்ணிட்டு வீட்டை விட்டீங்கன்னா அடுத்த மாசம் திரும்பவும் முதல்ல இருந்து.

கிளினிக் உதவியாளர்

நான் ஒரு கால்நடை கிளினிக்ல வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்ல, டோக்கன் போட்டு உள்ள அனுப்புறவ. வாசல்ல நின்னு பார்த்துப் பார்த்துச் சில விஷயம் பிடிபட்டுப்போச்சு.

"ரெண்டு நாளா மலச்சிக்கல்"னு ஆண் நாயைக் கூட்டிட்டு வருவாங்க. அது முக்கினது மலத்துக்கு இல்ல, சிறுநீருக்கு. கல் அடைச்சிருக்கும். காலைத் தூக்கிட்டு நிக்கும், சொட்டு சொட்டா வரும், இல்ல வரவே வராது. சிறுநீர் அடைப்பு அன்னிக்கே பார்க்க வேண்டியது. அதனால நாய் முக்கினா பக்கத்துல போய் எது வருது, எது வரலைன்னு பாருங்க. அசிங்கம் பார்க்காதீங்க.

அடுத்தது மாத்திரை. நொண்டுதுன்னு நமக்குப் போடுற ஐபுப்ரோஃபென், காய்ச்சல்னு பாரசிட்டமால். முதலாவது நாயோட வயித்தைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரெண்டாவது கல்லீரலை. அளவைப் பாதியாக்கிக் கொடுத்தோம்னு சொல்றதும் சமாதானம் இல்ல. டாக்டரைக் கேட்காம நம்ம மருந்துப் பெட்டியை நாய்க்குத் திறக்கவே வேண்டாம்.

எதையாவது தின்னுடுச்சுன்னா (சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால்ங்கிற சர்க்கரைக்குப் பதில் இனிப்பு போட்ட சூயிங்கம், எலி மருந்து) அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்தா பெரும்பாலும் வாந்தி எடுக்க வச்சு வெளிய கொண்டுவர முடியும். வீட்ல உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, அதுவே தனி விஷமாயிடும். காலி கவரைக் கையோட எடுத்துட்டு வாங்க. டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.

இன்னொண்ணு, இது நாயை விட உங்களுக்காக. தாடை தொங்கி, எச்சில் வழிஞ்சு, குரல் மாறிப்போய் இருந்தா "எலும்பு மாட்டியிருக்கும்"னு வாய்க்குள்ள கையை விடாதீங்க. ரேபிஸும் அப்படித்தான் இருக்கும். கடியோ கீறலோ பட்டா, எச்சில் புண்ணுல பட்டாலும்கூட, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. உங்க நாயா இருந்தாலும் சரி.

டைகர் தாத்தா

எல்லாரும் பயமுறுத்துறீங்களேப்பா. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன். நாய் புல்லைத் தின்னு ஒரு தடவை கக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டு ஓடினா அதுக்கு டாக்டர் வேண்டியதில்ல. ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தி, தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வச்சாலே போதும். பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சா உடனே பூச்சி மருந்து வாங்கப் போறாங்க. பாதி நேரம் ஆசனவாய்ச் சுரப்பி நிரம்பிப்போயிருக்கும், கிளினிக்ல அமுக்கி விட்டா முடிஞ்சுது.

டைகருக்கு 13 வயசு. ஒரு நாள் காலைல எழுந்தவன் தலை ஒரு பக்கமா சாஞ்சு, நேரா நடக்க முடியாம வட்டமடிச்சு விழுந்தான். கருமணி ரெண்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருந்துது. பக்கவாதம், காலம் முடிஞ்சுதுன்னு பக்கத்து வீட்ல எல்லாம் துக்கம் விசாரிச்சாச்சு! டாக்டர் பார்த்துட்டு, உள்காதுல சமநிலை கெட்டுப்போறது, வயசான நாய்க்கு வர்றதுதான்னார். வாந்திக்கு ஊசி போட்டார். சில வாரத்துல நடந்தான். தலை மட்டும் லேசா சாய்ஞ்சே இருக்கு, ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி. நான் சொல்ல வர்றது, கிழ நாய்ன்னு நாமளே தீர்ப்பு எழுதிடக் கூடாது.

லூசி அம்மா

தாத்தா, நீங்க சொன்ன "ஒரு வேளை நிறுத்துங்க" பெரிய நாய்க்குச் சரி. குட்டிக்கு வேண்டாம். என் தம்பி வீட்டுக் குட்டி காலைல ஒரு வாந்தி, மத்தியானம் தண்ணியா பேதி, சாயங்காலம் அதுல ரத்தம், ஒரு தனி நாத்தம். பார்வோங்கிற வைரஸ் நோய். தடுப்பூசி பாதிதான் முடிஞ்சிருந்துது. ட்ரிப்ஸ் போட்டுப் பல நாள் வச்சிருந்து காப்பாத்தினாங்க. 16 வாரம் வரைக்கும் தடுப்பூசி வரிசையை முடிக்காத குட்டி வாந்தியோ பேதியோ எடுத்தா அன்னிக்கே போகணும். அதுங்களுக்கு உடம்புல சேமிப்பே கிடையாது.

டைகர் தாத்தா

ஒத்துக்கிறேன்மா. குட்டி விஷயத்துல என் பேச்சைக் கேட்காதீங்க.

பக் குடும்பம்

வலிப்பு பத்தி ஒரு வரி. கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வந்தாலோ அவசரம். வாய்க்குள்ள கரண்டி, கை எதுவும் வேண்டாம். சுத்தி இருக்கிற சாமானை நகர்த்திட்டு வீடியோ எடுங்க. டாக்டர் எதிர்ல நாய் ராஜா மாதிரி நிக்கும், நீங்க வாயால சொல்றதை விட அந்த வீடியோ நல்லா பேசும். நொண்டல், இருமலுக்கும் இதே கதைதான்.

மூக்கு சப்பையான நாய்க்கு வெயில்ல மூச்சிரைப்பு நிக்காம, நாக்கு கருஞ்சிவப்பானா தண்ணியை ஊத்தி ஃபேன் போட்டுக்கிட்டே கிளம்புங்க. போற வழியில தெளிஞ்சுட்டாலும் வண்டியைத் திருப்பாதீங்க. உள்ளுறுப்பு பாதிப்பு பின்னாலதான் தெரியும்.

குட்டைக்கால் குமரி வீடு

இப்பவே ஒரு சந்தேகம். எங்களுது டாஷண்ட். காலைல சோபாவுல இருந்து குதிச்சப்போ ஒரு கத்து. இப்போ பின்னங்கால் ரெண்டும் தள்ளாடுது, பாதம் மடங்கி மடங்கி இழுக்குது. தூக்கினா நடுங்குறா. சாப்பிட்டா, வாலும் ஆட்டுறா. சுளுக்கா இருக்குமா? எண்ணெய் தேய்ச்சு விடலாமா?

கிளினிக் உதவியாளர்

தேய்க்காதீங்க, அமுக்காதீங்க, நடக்கவும் விடாதீங்க. டாஷண்டுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவுறது ரொம்பச் சகஜம். பின்னங்கால் தள்ளாடுதுன்னா நரம்பு அமுங்குதுன்னு அர்த்தம். கெட்டியான பலகையோ பெரிய ட்ரேயோ இருந்தா அதுல படுக்க வச்சு, முதுகு வளையாம ரெண்டு பேரா தூக்கி இன்னிக்கே கொண்டு போங்க. வலியில உங்களையே கடிக்கலாம், முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. மூச்சா போனாளான்னு ஞாபகம் வச்சுக்கங்க, கேட்பாங்க.

குட்டைக்கால் குமரி வீடு

போயிட்டு வந்துட்டோம். தட்டுதானாம். கால்விரலைக் கிடுக்கியால அழுத்தினப்போ திரும்பிப் பார்த்து உறுமினா. வலி தெரியுது, அது நல்ல விஷயம்னார் டாக்டர். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மருந்தும் கூண்டுக்குள்ள முழு ஓய்வும். மூச்சாவுக்கு மட்டும் வெளிய, அதுவும் அடிவயித்துல துண்டு போட்டுத் தாங்கிப் பிடிச்சு. கால் இன்னும் மோசமானாலோ மூச்சா நின்னாலோ ராத்திரின்னு பார்க்காம வரச் சொன்னார். கூண்டுக்குள்ள போட்டதுக்கு ஒரே கத்தல், தெருவே எழுந்திருச்சுடும் போல. யாருக்காவது இதுக்கு வழி தெரியுமா?

புரூனோ வீடு

ஆபரேஷனுக்கு அப்புறம் புரூனோவும் இப்படித்தான் ஊரைக் கூட்டினான். கூண்டை நீங்க உட்கார்ற அறையிலயே வைங்க, மூணு பக்கம் துணி போட்டு மூடுங்க. கத்துறப்போ திறக்காதீங்க, கத்தினா கதவு திறக்கும்னு கத்துக்குவா. அடங்காம குதிச்சா டாக்டருக்குப் போன் போடுங்க, அமைதிப்படுத்துற மருந்து சேர்த்துக் கொடுப்பாங்க. சோபாவை மறந்துடச் சொல்லுங்க.