மறு: மறு: 'சிலந்திக்கடி' என்று எழுதலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிராம செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி.

> 'விஷச் சிலந்தி' என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும். ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் நஞ்சு உண்டு. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனிதரைப் பாதிப்பவை மிகச் சில. அவற்றுக்குத் 'தீங்குச் சிலந்தி' என்று எழுதிவிட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில். "ராத்திரி ஏதோ கடிச்சிருக்கு" என்று ஒருவர் வருகிறார். சிலந்தியை யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் 'சிலந்திக்கடி' என்று ஏறிவிட்டால் அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள். அது வெறும் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு, கூடவே காய்ச்சல் என்றால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கான மருந்தாகிய டாக்சிசைக்ளின் தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

> எட்டுக்கால் பூச்சி பிழை. பூச்சிக்கு ஆறு கால்தான். 'எண்காலிக்கடி' என்க.

ஐயா, வகுப்புப் பெயராக எண்காலி நன்று. தேளும் உண்ணியும் அதில் அடங்கும். ஆனால் தேள் கொட்டும், கடிக்காது.

அகராதியில் 'சிலந்தி'க்குக் கட்டி, புண் என்றும் பொருள் இருப்பதை நம் குழுவில் உள்ள அம்மா ஒருவர் எடுத்துக் காட்டினார்கள். நரம்புச் சிலந்தியோ ஒரு புழு. இந்தியாவில் அப்புழுவால் வரும் நோய் ஒழிந்ததாக 2000-இல் சான்று கிடைத்தது. உயிருக்கும் புண்ணுக்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது.

அதனால் கடித்ததைப் பார்த்து, பிடித்து, இன்னதென்று அறிந்தால் மட்டும் 'சிலந்திக்கடி'. மற்றதெல்லாம் 'காணாக்கடி'. என் பாட்டி சொன்ன சொல்தான்.

*

> மற்றதெல்லாம் 'காணாக்கடி'.

சித்த மருத்துவனாக மறுக்கிறேன். எங்கள் பக்கம் காணாக்கடி என்றால் உடம்பெல்லாம் தடித்து அரிப்பது. வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார்கள். காய்ச்சலோடு பொருக்கு உள்ளவரும் அதை மென்றுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார். 'ஐயக்கடி' என்று புதிதாக வையுங்கள்.

*

மருத்துவர் ஐயா, உங்கள் அச்சம் நியாயம். ஆனால் நேற்று இரண்டு செவிலியரிடம் 'ஐயக்கடி'யைக் காட்டினேன். ஒருவர் "எந்த ஐயா?" என்று கேட்டார். மூன்று நாள் பேசியாயிற்று, நால்வர் காணாக்கடி பக்கம். சரி, அதையே போட்டு, பக்கத்தில் 'கடித்ததைப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருந்தால் உடனே அனுப்புக' என்று தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். உங்கள் மறுப்பை அடுத்த பதிப்புக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.