மிச்சத் துணியில் பிள்ளைக்குத் தைத்த ஊர்சுற்றும் பை: உங்களுக்கு என்ன நடந்தது?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
போன பங்குனியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மகளுக்கு ஆறு வயது. அவள் அப்பாவின் பழைய ஜீன்ஸ் காலை வெட்டிப் பை, உள்ளே ஓட்டைக் குடையின் துணி, தோள் வாருக்கு ஆச்சியின் நூல் சேலைக் கரை. மூன்று ராத்திரி உட்கார்ந்து தைத்தேன். அகஸ்தியர் அருவிக்குப் போகும் வழியில் குரங்கு வந்து வாரைப் பிடித்துவிட்டது. முன்பையில் கடலை மிட்டாய் இருந்தது. ஒரு நொடி பிள்ளையும் பையோடு சாய்ந்தாள். ‘டர்’ரென்று தோள்பக்கத் தையல் விட்டது. பை குரங்கோடு போக, இவள் ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச தூரத்தில் பையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மிட்டாய் போய்விட்டது; பூதக்கண்ணாடியும் அவள் பொறுக்கிய கூழாங்கற்களும் அப்படியே இருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “எம்மா, நீ நல்லாத் தைக்கலையா?”

நாங்குநேரி பக்கத்திலிருந்து:
அக்கா, ஜீன்ஸ் நனைந்தால் கனம் ஏறிவிடும் என்றுதான் நான் 25 கிலோ அரிசிச் சாக்கை எடுத்தேன். துவைத்துத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) கொடியில் போட்டது கோடை முழுக்க அங்கேயே கிடந்துவிட்டது. தைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் கரையோரமாகவே மேய்ந்துகொண்டிருந்தது. இமயமலையைத் தாண்டி வந்த பறவைகள்! பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை மெல்லத் தூக்கினான். அடிப்பக்கம் அப்படியே உதிர்ந்தது. எவர்சில்வர் பாட்டில் கல்லில் விழுந்த சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. பஸ் ஏறும்வரை அவன் என்னிடம் பேசவே இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:
இருபது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், அதனால் சொல்கிறேன். தம்பி, அரிசிச் சாக்கைக் குறை சொல்லாதீர்கள். அது பாலிபுரொப்பிலீன் இழை; மாதக்கணக்கில் வெயில் குடித்தால் பொடிந்துதான் போகும். நிழலில் உலர்த்தி, உள்ளே பழைய சாரத்தை (லுங்கியை) வைத்து அடித்துவிட்டால் நன்றாக உழைக்கும். தையலைப் பொடியாகப் போடாதீர்கள், நெருக்கமான ஊசி ஓட்டை சாக்கைக் கிழிக்கும். ஒரு தையல் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து அடியுங்கள். ஜீன்ஸுக்கு 16ஆம் நம்பர் ஊசி, நாலு மடிப்பு சேருமிடத்தில் 18. குடைத்துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டையாகவே நின்றுவிடும், துணி கிளிப் மாட்டித் தையுங்கள். தையல் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்தால் தண்ணீர் இறங்குவது குறையும். வார்தான் முக்கியம். சேலைக் கரை ஆகாதும்மா. கிழிந்த ஸ்கூல் பேக்கின் நைலான் வாரைப் பிரித்தெடுத்து, ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, சதுரமாக அடித்து நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். பேத்திக்கு அப்படித்தான் தைத்தேன். மூன்று வருஷமாகத் தோட்டம், ஆறு என்று எல்லா இடத்துக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் என் கதை.

தென்காசியிலிருந்து:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது பைக்குச் சரி. பிள்ளைக்கு? என் மகன் பையோடு கொய்யா மரம் ஏறினான். இறங்கும்போது வார் ஒரு முண்டில் மாட்டிக்கொண்டது. நைலான் வார், நீங்கள் சொன்ன அதே பெருக்கல் குறித் தையல். அறுபடவே இல்லை. கால் தரையில் படாமல் தொங்குகிறான், வார் கழுத்துப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தூக்கிப் பிடித்தேன். அன்றைக்கே இரண்டு வாரையும் நடுவில் வெட்டி வெல்க்ரோ வைத்துவிட்டேன். பலமாக இழுத்தால் பிரிந்துவிடும். அடியும் பக்கமும் எவ்வளவு கெட்டியாக வேண்டுமானாலும் தையுங்கள், வார் மட்டும் விட்டுக்கொடுக்கட்டும். அம்பாசமுத்திரம் அக்கா, அந்தத் தையல் விட்டிருக்காவிட்டால் குரங்கு பிள்ளையையும் சேர்த்தல்லவா படியில் இழுத்திருக்கும்?

மறுபடி அம்பாசமுத்திரத்திலிருந்து:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறுந்த வாரை இத்தனை மாசமாகத் தையல் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். மகளைக் கூப்பிட்டு, “அன்னைக்கு அது அறுந்ததாலதான் நீ விழலை” என்றேன். “அப்போ நல்லாத்தான் தச்சிருக்க” என்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். வெல்க்ரோ வாங்கி வந்தாயிற்று. அண்ணாச்சி, ஜீன்ஸ் அடிப்பக்கத்தில் குடைத்துணியும் சேர்ந்தால் ஐந்து மடிப்பு வருகிறது. 18ஆம் ஊசி தாங்குமா, கையால் அடிக்கட்டுமா?