குளிருக்கு முன்னால் கிளம்பினவர்கள்: வீட்டோடு இருந்த கடைசி நாட்கள்

ராஜபாளையத்தான்:

ஜெர்மனியில் விண்டர் செமஸ்டர் அக்டோபர் 1-ல் தொடங்கிவிடும். எனக்கு விசா கைக்கு வந்தபோது செப்டம்பர் பாதி தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய ஒரு வருஷம், நம்ம ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், அங்கே தங்கும் செலவுக்கு முன்பணமாகக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் போட 11,904 யூரோ, விசா அப்பாயின்ட்மென்ட் என்று அலைந்ததில், வீட்டில் தங்கியிருந்தேனே தவிர யாரோடும் நிதானமாகப் பேசியது கிடையாது. விசா வந்தாச்சு, இனி ஆற அமர இருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

வெளிநாடு போகிற பையன் எல்லா வீட்டிலும் ஒருவேளை கை நனைத்தே ஆக வேண்டும். அதிலும் அது புரட்டாசி. கறி விருந்துக்கு வழியில்லை. பெரியப்பா வீட்டில் சாம்பார், அத்தை வீட்டில் சாம்பார், மாமா வீட்டில் சாம்பாரோடு கூடுதலாக ஒரு பாயசம். சின்னம்மா மட்டும் “தூரதேசம் போற புள்ளைக்குப் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு” என்று கோழிக்கு ஏற்பாடு செய்யப் பார்த்தார். அப்பத்தா விடவில்லை. போகும் வீட்டிலெல்லாம் கேட்டது ஒரே மூன்று கேள்விகள்: எவ்வளவு செலவு, எப்போ வேலை, அங்கே சோறு கிடைக்குமா. இந்தச் சுற்று முடிந்து வீடு திரும்பும்போது அம்மா பாதித் தூக்கத்தில் இருப்பார்.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்காரர். எனக்கு இடம் கிடைத்தது கெம்னிட்ஸ் நகரத்தில். அந்த ஊருக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் பெயர்தான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஊர் நடுவே ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸின் தலை மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது என்று நான் வேறு படம் காட்டினேன். அவ்வளவுதான், டீக்கடை முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் என்ன படிக்கப் போகிறேன் என்று அவருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எங்கே படிக்கிறேன் என்பதில் மட்டும் அப்படி ஒரு பெருமை.

அம்மாவோடு நடந்தது வேறு சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியே இருந்து இறைச்சியும் பால் பண்டங்களும் கொண்டுபோகக் கூடாது. அதாவது நெய் கிடையாது. பால்கோவாவும் கிடையாது. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பண்டம், அதை எடுத்துப்போகக் கூடாது என்று எவன் சொன்னான் என்று அம்மாவுக்குக் கோபம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை என்றதும் கேலி செய்கிறேன் என்றே நினைத்துவிட்டார். எதற்குத்தான் தடையில்லை என்று கேட்டார். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் என்று பட்டியலைப் படித்தேன். “தேங்காயைத் தூக்கிட்டுத்தான் ஜெர்மனி போவியா?” என்றார். கடைசியில் கறிவேப்பிலையைக் காயவைத்து வறுத்துப் பொடியாக்கி, பருப்புப் பொடி, வத்தக்குழம்புத் தொக்கு என்று வேறு கணக்குப் போட்டோம். அம்மியடியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மத்தியானத்தில் அம்மா பேசியது, அதற்கு முந்தைய நாலைந்து வருஷத்தில் பேசியதைவிட அதிகம். பெரும்பாலும் தன் மாமியாரைப் பற்றித்தான். அப்பத்தா பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா பேசியது பழைய இரும்புக் கடையில். எனக்கு ஒரு பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. வீட்டில் எடை பார்க்க வழியில்லை, பாத்ரூம் தராசு எல்லாம் எங்கள் தெருவில் யாரும் வைத்திருப்பதில்லை. பெட்டியை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனோம். 24.6 காட்டியது. வாழ்நாளெல்லாம் 170 கிலோ பஞ்சு பேல்களை எடை போட்டவர், ஒன்றரை கிலோவுக்காக என் பெட்டியைத் தரையில் திறந்துவைத்துவிட்டார். முதலில் ஜீன்ஸ் ஒன்று வெளியே வந்தது. அப்புறம் அம்மா எனக்குத் தெரியாமல் துண்டில் சுற்றிவைத்திருந்த இட்லித் தட்டு. அப்புறம் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு! அதை எடுத்ததும் முள் இறங்கியது. சரி, போதும் என்றேன். அவர் விடவில்லை. “22.5-ல நிறுத்து. அவன் தராசு வேற, நம்ம தராசு வேற.”

பழைய பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தானும் இப்படி ஒருமுறை பெட்டி கட்டியதாகச் சொன்னார். பம்பாயில் மில்லில் இருந்த சித்தப்பா ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். 1982 பொங்கல் கழித்துக் கிளம்புவதாக ஏற்பாடு. அந்த ஜனவரி 18-ல்தான் பம்பாய் மில் ஸ்டிரைக் தொடங்கியது. முடியட்டும், அப்புறம் வா என்றார்களாம். முடியவே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டு உள்ளூர் மில்லில் சேர்ந்துவிட்டார். இது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால், “அந்தப் பெட்டிதானே பரண்ல கெடக்கு” என்றார்.

கிளம்பப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விருந்துச் சுற்றைப் பாதியாக வெட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களை உட்கார்த்திவைத்து “பேசுவோம்” என்றால் யாரும் பேச மாட்டார்கள், டிவி ஓடும். ஆளுக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டு கூடப் போங்கள். பல் டாக்டர், கண்ணாடிக் கடை, பேங்க் நாமினி, எதுவானாலும். அப்பத்தாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குப் புரட்டாசி சனிக்கிழமை போனேன். கூட்டத்தில் மலை ஏற முடியாமல் அடிவாரத்திலேயே கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம். அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை மாற்றுவார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும். அப்பா பழைய கணக்கிலேயே, ஆறு மணிக்கு எழுந்திருப்பான் என்று போன் போடுவார். இங்கே ஐந்து, கும்மிருட்டு.

வின்னிபெக் மருமகள்:

உங்களுக்காவது ஒரு வீடு. எனக்கு இரண்டு. தலைதீபாவளி முடிந்து டிசம்பர் கடைசியில் கனடாவுக்கு டிக்கெட். கணவர் முன்னாடியே போய்விட்டார். நான் கும்பகோணத்தில் மாமனார் மாமியாரோடு. அம்மா வீடு மயிலாடுதுறையில். நினைத்தால் பஸ் ஏறலாம் என்கிற தூரம்தான், ஆனால் நினைத்தபோதெல்லாம் ஏற முடியாதே. அத்தை தப்பானவர் இல்லை. “இன்னும் கொஞ்ச நாள்தானே எங்ககூட இருப்ப” என்பார், அதற்கு என்ன பதில் சொல்வது? அம்மாவும் போனில் அதையேதான் சொல்வார்.

கடைசியில் எனக்கு வழி திறந்தது டெய்லர். கல்யாண பிளவுஸ்கள் எல்லாம் லூஸாகிவிட்டன, மயிலாடுதுறை டெய்லர்தான் அளவு தெரிந்தவர் என்று ஒரு காரணம் கிடைத்தது. அந்த டெய்லரும் நல்ல மனுஷன், ஒவ்வொரு தடவையும் “நாளைக்கு வாங்கம்மா” என்பார். வாழ்க அவர் கடை.

நீங்கள் சொன்ன அந்தக் காயவைக்கும் வேலை எங்களுக்கு வாய்க்கவில்லை. கார்த்திகையில் டெல்டாவில் வெயிலுக்கு எங்கே போவது? அம்மா கூழ் கிண்டி வடாம் பிழிந்துவிட்டார், பிழிந்த அன்று பிடித்த மழை விடவே இல்லை. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, ஃபேனை அஞ்சில் வைத்து, ராத்திரியெல்லாம் வடாத்துக்குக் காவல். காற்றில் வேட்டி ஓரம் மடங்கும். அம்மா எழுந்து நான்கு மூலையிலும் குழவி, உரல்தடி, அரிவாள்மணை, இட்லிப்பானை என்று பாரம் வைப்பார். கரண்ட் போய்விட்டால் இரண்டு பேரும் விசிறியோடு உட்கார்வோம். தம்பி சிரித்துக்கொண்டே தாண்டிப் போவான். பாதி வடாம் பூத்துப்போய்த் தூக்கிப்போட்டோம். மீதியைக் கொண்டுவந்தேன்.

ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் வாங்காதீர்கள். அத்தை ஆசையாக வாங்கித் தந்த ஸ்வெட்டர் ஊட்டிக்குச் சரி. இங்கே ஜனவரியில் மைனஸ் 20 சாதாரணம், காரையே ராத்திரி கரண்டில் மாட்டிவைக்கிறார்கள். ஆனாலும் அந்த ஸ்வெட்டரைப் போட்டுத்தான் முதல் வீடியோ கால் பேசினேன், வீட்டுக்குள் ஹீட்டர் போட்டிருந்ததால் வேர்த்துக்கொட்டியது. குளிர்காலத்தில் வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம். நான் படுக்கப்போகும்போது அங்கே காலைச் சமையல் முடிந்திருக்கும். திங்கள் அத்தைக்கு, செவ்வாய் அம்மாவுக்கு என்று அந்தப் பங்கீடு இங்கேயும் தொடர்கிறது.

கோவில்பட்டி அப்பா:

நான் வழியனுப்பின பக்கத்து ஆள். மகள் நர்ஸ், பொங்கல் முடிந்து டப்ளின் போனாள். எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் தோதான விமான நிலையம். ஒரு வேன் பிடித்தோம். என் தங்கை குடும்பம், மச்சினன் குடும்பம், பக்கத்து வீடு, எல்லோரும் ஏறியாச்சு. ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஒரு பிள்ளை வாந்தி. நாகர்கோவிலில் டீ, களியக்காவிளைக்கு முன்னால் இன்னொரு பிள்ளை வாந்தி. போகிற பெண்ணே அதுகளுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் அம்மா அவளிடம் தனியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை.

அடுத்து மகன் போனபோது, மன்னிக்கணும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் மூன்று பேர், ஒரு கார். தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. பரவாயில்லை, பிறகு சரியாகிவிட்டது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவது என்பேன். என் மனைவி மட்டும், “வேன்ல வந்தப்பதான் திரும்பி வர்றப்போ அழாம வந்தேன்” என்கிறாள்.

கெம்னிட்ஸ் தம்பிக்கு ஒரு கேள்வி. என் மச்சினன் மகன் அடுத்த வருஷம் ஜெர்மனி போகிறான். கருவாடு கொண்டுபோகலாமா?

ராஜபாளையத்தான்:

போகலாம் அண்ணாச்சி. காய்ந்த மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் துணிப் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள். என் ரூம்மேட் தூத்துக்குடிக்காரன், ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். முதல் வார வகுப்பில் அவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. டப்பாவில் போட்டு, மேலே இரண்டு கவர் சுற்றி, வாய்க்கு டேப் ஒட்டச் சொல்லுங்கள். வந்ததும் பால்கனி உள்ள வீடாகப் பார்க்கட்டும், சமைக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.